அண்ணன் வீட்டு ரிசப்ஷனில் பலூன் அத்தை

கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளை அழவிடாமல் வைத்திருப்பதும் ஒரு வேலைதான் என்று மகாலட்சுமிக்கு நாற்பது வயது வரை தெரியாது. தெரிந்த பிறகு, தேனியிலிருந்து கூடலூர் வரை அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அவள் இருப்பது அல்லிநகரத்தில். கணவன் சின்னக்கருப்பு வாழைக்காய் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். ஒரே மகள் அனுசுயா, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் படிக்கப் போன பிறகு வீட்டில் பொழுது போகாமல் கொஞ்ச காலம் அங்கன்வாடியில் தற்காலிக ஆளாக இருந்தாள். நிரந்தர ஆள் போட்டதும் அவளை நிறுத்திவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

அப்புறம்தான் தேவதானப்பட்டியில் கணவன் வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. ரிசப்ஷனுக்கு மேடை அலங்காரம் செய்தவன் கர்ணன் என்ற இளைஞன். அவன் மதியம் முழுக்க ஏணியில் நின்று கட்டிய பூவையெல்லாம் ஒரு பத்துப் பதினைந்து பிள்ளைகள் கீழிருந்து உருவிக்கொண்டிருந்தார்கள். அவன் கத்துகிறான், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பெற்றவர்கள் எல்லாம் பந்தியில். மகாலட்சுமி போய் மேடைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கை வளையலை லேசாக ஆட்டினாள்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. இந்தச் சத்தம் எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டு வெரல நீட்டணும். கண்ணத் தொறந்தவக அவுட்டு."

வளையலைத் தலைக்கு மேல் ஆட்டினாள், முதுகுக்குப் பின்னால் ஆட்டினாள், ஒரு பையனின் காதோரம் ஆட்டினாள். அத்தனை விரலும் ஒன்றுபோல் திரும்பின. அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏணியில் நின்ற கர்ணன் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தான்.

"அக்கா, அடுத்த முகூர்த்தத்துக்கு எங்கூட வாரீகளா?" என்றான்.

அப்படித்தான் போக ஆரம்பித்தாள். கர்ணன் தன் அலங்காரக் கணக்கோடு பிள்ளைகளுக்கான இடத்தையும் சேர்த்துக்கொண்டான். மண்டபத்து மூலையில் ஒரு ஜமுக்காளம், ஒரு பெட்டி நிறைய பலூன், கையில் ஒட்டுகிற ஸ்டிக்கர், கலர் காகிதம். ஆனால் பலூனை எடுத்த எடுப்பில் நீட்டக் கூடாது என்பது மகாலட்சுமி கண்டுபிடித்த சட்டம். பலூன் கைக்கு வந்ததும் பிள்ளை ஓடிவிடும். முதலில் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றிய பிள்ளை உட்காரும். அழுகிற பிள்ளையிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்கவே கூடாது, கேட்டால் இன்னும் அழும். அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். "இந்த டப்பாவ நீதான் பாத்துக்கணும், யாரையும் தொட விடாத" என்றால் போதும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு காவலுக்கு நின்றுவிடும்.

பிள்ளைகள் அவளை 'பலூன் அத்தை' என்றார்கள். 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள்.

இப்படி இரண்டு மூன்று வருஷம் போனது. போன தை மாதம் கர்ணன் போன் செய்தான்.

"அக்கா, வர்ற முகூர்த்தத்துக்கு முந்துன நாள் சாயங்காலம் கூடலூர்ல ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ள வீட்டுக்காரக சுருளிப்பட்டி. பிள்ளைகளப் பாக்க ஆளு வேணும்கிறாக. வருவீகளா?"

"மாப்பிள்ள பேரு என்ன?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"அருண்பாண்டி. பொண்ணு பேரு சுபாஸ்ரீ."

 அருண்பாண்டி மகாலட்சுமியின் கூடப் பிறந்த அண்ணன் வேல்பாண்டியின் மகன். அவள் கல்யாணமாகிப் போகிற வரை அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

அண்ணனுக்கும் அவளுக்கும் பேச்சு நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அப்போது அனுசுயா நர்சிங் இரண்டாம் வருஷம். அண்ணன் மகனுக்கு அத்தை மகளைக் கேட்பது அவர்கள் வழக்கத்தில் உரிமை. கேட்காவிட்டால்தான் குறை. வேல்பாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் நாலு பேரையும் மனைவி ராமுத்தாயையும் கூட்டிக்கொண்டு, பூவும் பழமும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்து அல்லிநகரத்துக்கு வந்துவிட்டார். தங்கச்சி மறுப்பாள் என்று அவர் கனவில்கூட நினைக்கவில்லை.

அனுசுயா முதல் நாளே அழுதிருந்தாள். "எனக்கு அருண் மாமா வேணாம்னு இல்லம்மா. எனக்கு இப்ப கல்யாணமே வேணாம்" என்றாள். மகள் சொன்னதில் மகாலட்சுமிக்குத் தப்பு தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அவள் வருத்தப்படுவது அதற்காக அல்ல. முதல் நாள் ராத்திரியே அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, "வராதண்ணே, பிள்ளை படிக்கணும்கிறா" என்று சொல்லியிருக்கலாம். நேரில் வரட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வந்த இடத்தில் பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் பேச, அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறி, "பொண்ணு தர்றதா இல்ல, தட்ட எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். தரையில் இருந்த தட்டை அவள் தொடவே இல்லை. கொழுந்தனை எடுக்கச் சொல்லி ஜீப்பில் ஏற்ற வைத்தாள்.

வேல்பாண்டி ஜீப்பில் ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் போனதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது தன் கல்யாணத்துக்கு அருண்பாண்டி வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பியிருந்தான். 'அத்தை, கட்டாயம் வரணும்' என்று கீழே எழுதியிருந்தான். ஆனால் கூடப் பிறந்தவளுக்கு வாட்ஸப் அழைப்பெல்லாம் ஒரு அழைப்பா? முதல் பத்திரிகை அவள் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். அண்ணனும் மதினியும் நேரில் வந்து, குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். வரவில்லை. போனால், "அழைக்காத வீட்டுக்கு வந்து நிக்கிறா" என்று சுருளிப்பட்டியே பேசும். போகாமல் இருந்தால் அருண்பாண்டியை மாலையும் கழுத்துமாகப் பார்க்க முடியாது.

அந்த நேரத்தில்தான் கர்ணனின் போன்.

"வாரேன்" என்றாள்.

சின்னக்கருப்பு கேட்டார். "அழைக்காத வீட்டுக்கா போற?"

"வீட்டுக்கா போறேன்? வேலைக்குப் போறேன். வேலைக்கு வந்தவள யாரு என்ன கேக்க முடியும்?"

அவர் சிரித்துவிட்டார். "உங்கண்ணன் பெருசா, நீ பெருசான்னு இன்னும் முடியலயாக்கும்."

"அவன எட்ட நின்னு பாத்துட்டு வந்துருவேன். அம்புட்டுத்தான்."

ஆனால் அம்புட்டுத்தான் இல்லை. அண்ணன் தன்னைப் பார்ப்பார், பார்த்துவிட்டு "வா மகா" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று அவள் மனதுக்குள் இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெட்டியில் பலூனோடு நல்ல பட்டுச் சேலை ஒன்றையும் மடித்து வைத்தாள். அதைக் கர்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

கூடலூர் மண்டபத்துக்குள் போனபோது குமுளியிலிருந்து வந்த செண்டை மேளம் வாசலை அதிர வைத்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறின. அலறிய பிள்ளைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மகாலட்சுமியின் ஜமுக்காளத்துக்கு வந்து சேர்ந்தன. அவள் இருந்த மூலையிலிருந்து மேடை சாய்வாகத் தெரிந்தது. அண்ணன் தெரிந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. பட்டு வேட்டியில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒரு தடவை இந்த மூலையைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

அவள் குனிந்து பலூனை ஊதினாள்.

"எங்கப்பா ஜீப்பு ஓட்டுவாக. மல மேலயே போவாக" என்றான் சூரியபிரகாஷ் என்ற பையன்.

"எங்கப்பா அதுக்கும் மேல போவாக" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"அதுக்கு மேல ரோடே கெடையாதுலே!"

"எங்கப்பா ரோடு இல்லாமயே போவாக!"

"ஏலே, ரெண்டு அப்பாவும் மலைய விட்டு எறங்கி வரட்டும், அதுக்குள்ள செருப்பக் கழத்துங்க" என்றாள் மகாலட்சுமி. இரண்டும் உட்கார்ந்தன.

அப்போது பட்டுப் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தையை யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அழுது முடித்த முகம். வாயைக் கோணிக்கொண்டு நின்றது. அந்தக் கோணலைப் பார்த்ததும் மகாலட்சுமிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணன் சின்ன வயதில் கோபித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது.

"உம் பேரு என்ன தாயி?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாத. நானே வச்சுக்கிறேன். எல்லாரும் கேளுங்க, இவ பேரு வீரணன்."

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். குழந்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐய, அது ஆம்பளப் பேரு! நான் கயலு!"

"யாரு வீட்டுப் பிள்ளை?"

"எங்க தாத்தாதான் வேல்பாண்டி. அங்கன நிக்கிறாக பாரு. எங்களுக்குத் திராட்சத் தோட்டம் இருக்கு. அங்கன ஒரு நாயி இருக்கு. அது திராட்ச திங்கும்."

அண்ணன் பேத்தி. மூத்த மகளின் பிள்ளை. பிறந்து நாலு வருஷமாகியும் மகாலட்சுமி அதைத் தொட்டதில்லை. இப்போது செருப்பு வாரைக் கழற்றிவிடுகிற சாக்கில் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"கூசுது" என்றாள் கயல்.

அதற்குப் பிறகு வேலை ஓடிற்று. வளையல் விளையாட்டு நடந்தது. வயிற்றில் பலூனை வைத்துக்கொண்டு பந்திக்கு நடக்கிற மாமா மாதிரி நடந்து காட்டும் போட்டி நடந்தது, கயல்தான் ஜெயித்தாள். பிறகு எல்லாரும் கலர் காகிதத்தில் பூச் செய்தார்கள். கர்ணன் ஒத்துக்கொள்கிற எல்லா ரிசப்ஷனிலும் கடைசியாக இது உண்டு. பிள்ளைகள் தாங்களே செய்த பூவைப் பிடித்துக்கொண்டு வரிசையாக மேடை ஏறி, பொண்ணு மாப்பிள்ளைக்குக் கொடுப்பார்கள். மகாலட்சுமிதான் முன்னால் நடப்பாள். போட்டோவும் எடுப்பார்கள். பார்க்கிற சனம் கை தட்டும்.

இதை நினைத்துத்தான் அவள் வந்ததே. மேடை ஏறுவதற்கு அவளுக்கு வேறு காரணம் தேவையில்லை. பிள்ளைகளோடு ஏறலாம், அருண்பாண்டியின் பக்கத்தில் நிற்கலாம், அண்ணன் எதிரே நிற்பார், பேசாமலா போவார்?

வரிசை கிளம்பியது. மேடைப் படி வரைக்கும் வந்தாள். முன்வரிசை நாற்காலியில் சுருளிப்பட்டிப் பெரியம்மா மொக்கம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி மகா, நீயா? நான் யாரோ பலூன்காரின்னுல்ல நெனச்சேன்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கூப்பிடாத வீட்டுக்குள்ள நொழைய நல்ல வழி கண்டுபிடிச்சிருக்க, ஆத்தா."

மகாலட்சுமியின் கால் படியில் ஏறவில்லை.  சூரியபிரகாஷைத் தொட்டு, "நீ முன்னால போ தம்பி, நேரா மாமாகிட்டப் போ" என்று அனுப்பினாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டி மேலே ஏறினார்கள். அவள் கீழேயே நின்றாள்.

மேடையில் அருண்பாண்டி குனிந்து குனிந்து பூவை வாங்கினான். வேல்பாண்டி பிள்ளைகளைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்தார். வரிசை முடிந்தும் அவள் மேலே வராததைக் கண்டதும், பேத்தியைப் பக்கத்தில் இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். கயல் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"தாத்தா ஒங்களையும் மேல வரச் சொன்னாக."

ஐந்து வருஷத்தில் அண்ணனிடமிருந்து வந்த முதல் சொல். மகாலட்சுமிக்கு அது கேட்டது. ஏறிப் போயிருக்கலாம். ஆனால் மொக்கம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டு, என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அனுப்பிக் கூப்பிட்டதும் ஓடினாள் என்று நாளைக்கு ஊரில் சொல்வாள். நாலு எட்டில் நிற்கிறவர் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்துபோவாரா என்றும் மகாலட்சுமிக்குத் தோன்றியது.

பெரியம்மாளுக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்க, விளையாட்டுப் போல, கயலிடம் சொன்னாள். "தாத்தா வந்து கூப்பிட்டாத்தான் நான் வருவேன்னு சொல்லு போ."

பிள்ளையிடம் ஒன்றைச் சொன்னால் அதை எங்கே போய் எப்படிச் சொல்லும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் அந்த மண்டபத்தில் இல்லை. தெரிந்தும் சொன்னாள்.

கயல் படியேறி ஓடினாள். நிகழ்ச்சி நடத்துகிற பையன் கையில் மைக்கோடு நின்றவன், மூச்சிரைக்க ஓடிவருகிற குழந்தையைப் பார்த்ததும் குஷியாகிவிட்டான். குனிந்து மைக்கை அவள் வாயருகே வைத்தான். "பாப்பா ஏதோ முக்கியமான சேதி கொண்டு வர்றாங்க! சொல்லுங்க பாப்பா, என்ன?"

"பலூன் அத்தை வர மாட்டாகளாம்! தாத்தா போய்க் கூப்பிட்டாத்தான் வருவாகளாம்!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பெண் வீட்டார் சிரித்தார்கள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். மைக் பையன், "தாத்தா, இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று வேறு கேட்டான். முன்வரிசையில் சுருளிப்பட்டிச் சனம் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது யார் என்று தெரியும்.

வேல்பாண்டி அசையாமல் நின்றார். சபைக்கு நடுவில் அவரைக் கூப்பிட வைப்பது மாதிரி ஆகிவிட்டது. இறங்கி வந்தால், தங்கச்சி போட்ட உத்தரவுக்கு இறங்கியவர் ஆவார். அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால். அவர் பேத்தியின் தலையைத் தடவிவிட்டு, மேடையின் பின்பக்க வழியாக இறங்கிப் போய்விட்டார்.

மகாலட்சுமி திரும்பி வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். மேடை ஏறிய பிள்ளைகள் அவரவர் அம்மா அப்பாவிடம் போய்விட்டார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் அவள் கொடுத்த டப்பாவைக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் பாத்துக்கணுமா அத்தை?" என்றான்.

"போதும்யா. நீ போய்ச் சாப்பிடு."

மதினி ராமுத்தாய் வந்தாள். பட்டுச் சேலை சரசரக்க வேகமாக வந்தவள், பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்ன மகா இது? அம்புட்டுப் பேருக்கு நடுவுல அவுகள இப்படி நிக்க வச்சிட்டியே."

"மதினி, சத்தியமா பிள்ள மைக்குல சொல்லும்னு நான் நெனைக்கல."

"மைக்குல சொன்னா என்ன, காதுல சொன்னா என்ன? ஒனக்கு ஏறி வர மனசில்ல, அதான?"

"நீங்க வந்து பத்திரிக வச்சீகளா மதினி?"

"வந்தா எங்களக் கூட்டி உக்கார வச்சிருப்பியா? அன்னைக்கு மாதிரி வாசல்ல ஜீப்பக் காட்டியிருப்ப. அந்தப் பயத்துலதான் வரல."

 அண்ணன் வராததற்குத் திமிர்தான் காரணம் என்று மகாலட்சுமி இத்தனை நாள் நினைத்திருந்தாள். பயம் என்று ஒன்று இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை. ராமுத்தாயைப் பெண் வீட்டார் யாரோ கூப்பிட்டார்கள். போகும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கர்ணன் வயர்களைச் சுற்றிக்கொண்டே வந்தான். "சூப்பருக்கா. அந்தப் பாப்பா மைக்குல சொன்னதுதான் இன்னைக்கு ஹைலைட்டு. மாப்பிள்ள அப்பாவுக்குத்தான் வெக்கமாப் போச்சு போல." பலூன் பெட்டியை மூடித் தூக்கினான். "அவரு நல்ல மனுசன்க்கா. அலங்காரம் பேச வந்தப்பவே, பிள்ளைகளப் பாக்க ஆளு வரும்லன்னு கேட்டாரு. வரும்ணேன்னு சொன்னேன். அல்லிநகரத்துலருந்து ஒரு அம்மா வாராகளே, அவுகதான் வரணும், வேற ஆளக் கூட்டியாந்துராதன்னு ரெண்டு தடவ சொன்னாரு. ஒங்க பேரு அவரு வரைக்கும் போயிருக்கு பாருங்க."

மகாலட்சுமி கையில் இருந்த பலூனை வைத்துவிட்டாள்.

"அவரா சொன்னாரு? எப்ப?"

"ஒங்களுக்குப் போன் பண்ணுறதுக்கு முன்னாலயே."

அண்ணனும் அவளை மாதிரியேதான் நினைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அழைக்கக் கால் வரவில்லை. வேலை என்று கூப்பிட்டால் வருவாள், வந்தவள் பிறந்த வீட்டு உரிமையில் தானாக மேடை ஏறுவாள் என்று நினைத்து, சாயங்காலம் முழுக்க அந்த மூலையையும் படியையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் பேத்தியையும் அனுப்பிப் பார்த்திருக்கிறார். அவள் எதற்காக வந்தாளோ அதையேதான் அவரும் எதிர்பார்த்திருக்கிறார்.

அவள் எழுந்தாள். "இந்தா வந்துர்றேன்" என்று கர்ணனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். முதலில் மேடைக்குப் போகவில்லை. அண்ணனைத் தேடினாள். பேசிவிட வேண்டும். என்ன பேசுவது என்று ஒன்றும் இல்லை, "அண்ணே" என்று ஒரு வார்த்தை போதும், அதற்கு மேல் தானாக வரும்.

வேல்பாண்டி சாப்பாட்டு ஹாலின் வாசலில் நின்றிருந்தார். சம்பந்தி வீட்டு ஆட்களைப் பந்திக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்கள் உள்ளே போனதும் அவர் மட்டும் நின்றார். உள்ளே இலைகள் நீளமாக விரித்திருந்தன. சாம்பார் மணம் வந்தது. மகாலட்சுமி போய் அவர் எதிரே நின்றாள். பின்னாலேயே கர்ணனும் கணக்குப் பேச வந்து நின்றான்.

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள். வாய் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்தது. அழுதால் மொக்கம்மாள் பார்ப்பாள். அதனால் வாயை இறுக்கிக்கொண்டாள்.

வேல்பாண்டி தொண்டையைச் செருமினார். கண்ணைக் கர்ணன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆனால் கர்ணனிடம் அல்லாமல், பொதுவாகக் கேட்டார்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு" என்றாள் மகாலட்சுமி.

யாராவது சாப்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். மண்டபத்துக்கு மண்டபம் கல்யாண வீட்டார் கேட்பார்கள், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக முடியாமல் ஆச்சு என்று சொல்லிவிட்டு, பிறகு கர்ணன் வாங்கி வருகிற பொட்டலத்தைச் சாப்பிடுவாள். அந்தப் பழக்கத்தில் சொன்னாளா, அந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்காத வீம்பில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மதியத்திலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்தான் குடித்திருந்தாள்.

வேல்பாண்டி தலையை ஆட்டினார். அவருடைய வலது கை கொஞ்சம் உயர்ந்திருந்தது, உள்ளே இலையைக் காட்டுவதற்கு உயர்த்திய கை மாதிரி. அதைக் கீழே போட்டுக்கொண்டார்.

"சரி" என்றார்.

அதற்குள் யாரோ உள்ளேயிருந்து, "மாமா, பாயசம் பத்தாதாம், வாங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார்.

அருண்பாண்டியை அவள் பார்த்தாள். கர்ணன் சாமான் ஏற்றுகிற நேரத்தில் மேடைக்குப் போனாள், இப்போது மொக்கம்மாள் பந்தியில் இருந்தாள். அருண்பாண்டி, "அத்தை!" என்று மாலையோடு எழுந்துவந்து, பொண்ணையும் இழுத்துக் காலில் விழுந்தான். இரண்டு பேர் தலையிலும் கை வைத்தாள். போட்டோ எடுத்தார்கள். அவன் சுற்றும்முற்றும் பார்த்து, "அப்பா எங்க? அப்பாவையும் கூப்பிடுங்கப்பா" என்றான். யாரோ தேடப் போனார்கள். தேடப் போனவர்கள் வருவதற்குள் பெண் வீட்டுக் கூட்டம் ஒன்று பரிசோடு மேடை ஏற, மகாலட்சுமி ஒதுங்கிக் கீழே இறங்கிவிட்டாள். "காலைல முகூர்த்தத்துக்கு இருங்க அத்தை" என்று அவன் மேலிருந்து சொன்னான்.  அவள் கையைக் காட்டிவிட்டு வண்டிப் பக்கம் நடந்தாள்.

சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியில் முன்னால் கர்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கொண்டுவந்த பட்டுச் சேலை பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. வண்டி கூடலூரைத் தாண்டியதும் மகள் போன் செய்தாள்.

"மாமா பேசுனாகளாம்மா?"

"பேசுனாக. சாப்டியான்னு கேட்டாக."

"நெசமாவா! நீ என்ன சொன்ன?"

மகாலட்சுமி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டேன்னு சொல்லிருப்ப" என்றாள் அனுசுயா. அவள் சிரிக்கத்தான் செய்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். "விடும்மா. நாளைக்குக் காலைல போ. அருண் மாமா வாட்ஸப்புல கூப்பிட்டாகள்ல."

"நாளைக்கு வேலை இல்லயே" என்றாள் மகாலட்சுமி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.  மகள் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இன்னும் இல்லண்ணே." அவ்வளவுதான். அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பார். பக்கத்தில் நின்று, "இங்கன ஒரு வடை வைங்கப்பா, இங்கன சாம்பார் ஊத்துங்க" என்று சத்தம் போட்டிருப்பார். ஐந்து வருஷத்தைப் பற்றி ஒரு பேச்சும் வந்திருக்காது. அவர்கள் வீட்டில் சமாதானம் எப்போதும் அப்படித்தான் நடக்கும். இலை போட்டு உட்கார வைத்துவிட்டால் சண்டை முடிந்தது. அதைத்தான் அண்ணன் அவளிடம் கேட்டார். அதையும் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வண்டி கம்பத்துக்குள் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடைகளில் விளக்கு எரிந்தது.

"கர்ணா, எங்கயாச்சும் நிப்பாட்டுப்பா. ரெண்டு இட்லி சாப்பிடணும்."

கர்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். "என்னக்கா, அவரு கேட்டப்ப சாப்டாச்சுன்னீக? அதக் கேட்டுத்தான நான் பொட்டலம்கூட வாங்காம வந்தேன்."

"ஆமா, சொன்னேன்" என்றாள் மகாலட்சுமி.

கடைக்காரர் இலையில் இட்லியை வைத்தார். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள், பசி பொறுக்க முடியாமல், ரோட்டோரப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதைச் சாப்பிட்டாள்.